வட்டாரா, லைன், குவார்ட்டர்ஸ்: பெங்களூர் நகராட்சி வீடு கட்டிய கதை

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

பெங்களூர்க் கன்னடத்தில் 'வட்டாரா' என்றொரு சொல் உண்டு. ஒரு பொது முற்றத்தைச் சுற்றியோ, ஒரு குறுகிய நடையின் இருபுறமுமோ, சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வாடகை வீடுகளின் தொகுதியை அது குறிக்கும். ஒரே குழாய், ஓரிரு கழிப்பறைகள், ஒரே வீட்டுக்காரர். தமிழில் 'வட்டாரம்' என்றால் நிலப்பரப்பு. ஆகவே "அவர் எங்கள் வட்டாரத்தில் குடியிருந்தவர்" என்று ஒரு பெங்களூர்த் தமிழர் சொல்லும்போது, சென்னையிலிருந்து வந்தவர் ஒரு தாலுகாவையே கற்பனை செய்துகொள்வார். சொன்னவரோ பத்துக் கதவுகள் கொண்ட ஒரு நடையை நினைத்துச் சொல்லியிருப்பார். இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றா என்பது தனி விவாதம். இங்கு என் அக்கறை அந்தப் பத்துக் கதவுகளைப் பற்றியது.

இதே அமைப்புக்குத் திருவல்லிக்கேணியில் 'ஸ்டோர்' என்று பெயர். மதுரையில் 'வளவு'. கோவையில் 'லைன் வீடு'. கோலார் தங்க வயலின் சுரங்கத் தொழிலாளர்கள் 'லைன்' என்றார்கள். இலங்கை மலையகத்தில் அந்த ஆங்கிலச் சொல் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் தமிழாகி, ஒரு முழுச் சமூகத்தின் வாழ்நிலையையே குறிக்கும் சொல்லாயிற்று. பெங்களூரில் அரசு அமைப்புகள் கட்டிய இத்தகைய வீடுகள் 'குவார்ட்டர்ஸ்' எனப்பட்டன. இன்று சர்ஜாபூர் சாலையில் இதே வடிவத்தை, பொதுச் சுவர் கொண்ட வரிசை வீட்டை, 'ரோ ஹவுஸ்' என்றும் 'டவுன்ஹவுஸ்' என்றும் விளம்பரப் பலகைகள் விற்கின்றன. சுவர் ஒன்றுதான், சுவருக்குள் இருப்பவரின் வருமானம் மாறும்போது பெயரும் மாறுகிறது.

ஒரு நகராட்சி தன் நிலத்தில் இவ்விரண்டில் எதைக் கட்டுவது என்று எப்படி முடிவு செய்கிறது? பெங்களூரின் கடந்த நூற்று அறுபது ஆண்டுகளை இந்தக் கேள்வியோடு புரட்டிப் பார்க்கலாம்.

இந்நகரம் நெடுங்காலம் இரண்டு ஊர்களாக இருந்தது. 1537இல் கெம்பே கௌடர் அமைத்த பேட்டை ஒன்று. 1791இல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர், திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையை இங்கே மாற்றி, 1809இல் நிலைப்படுத்திய கன்டோன்மென்ட் மற்றொன்று. கன்னடத்தில் அதற்குத் 'தண்டு' என்று பெயர். தண்டு என்றால் படை. தமிழ் அகராதிகளிலும் இப்பொருள் உண்டு. சிவாஜிநகரின் தண்டு மாரியம்மன் இச்சொல்லை இன்றும் தன் பெயரில் சுமக்கிறாள். படையின் பின்னே ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வணிகர்கள், கட்டட வேலைக்காரர்கள், சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள் எனத் தமிழர்கள் வந்தார்கள். கன்டோன்மென்டின் தெருமொழி தமிழானது இப்படித்தான்.

ஊர்ப்பெயர்களின் ஈற்றைப் பார்த்தே இவ்விரு ஊர்களையும் பிரித்துவிடலாம். மேற்கே சிக்கபேட்டை, அக்கிபேட்டை, சாம்ராஜ்பேட்டை, சங்கரபுரம், விஸ்வேஸ்வரபுரம். கிழக்கே பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன். மேற்கில் தெய்வங்களும் அரசர்களும் குடியேறினர். கிழக்கில் கலெக்டர்களும் பொறியாளர்களும். (இந்த ரிச்சர்ட்ஸ், சேலம் மாவட்டக் கெசட்டியரைத் தொகுத்த அதே எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ்தான். சேலத்து வரலாற்றைப் படிப்போர் பெங்களூரின் ஒரு பூங்காவில் அவர் பெயரைக் காணலாம்.)

1850ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1862 மார்ச் 27 அன்று பேட்டைக்கு ஒரு நகராட்சிக் குழு அமைந்தது. ஒன்பது முக்கியப் பிரமுகர்கள் அதன் உறுப்பினர்கள். கன்டோன்மென்டுக்கும் அதுபோன்ற ஒரு குழு உருவாயிற்று. 1881இல் மைசூர் ஆட்சி உடையார்களிடம் திரும்பியபோது கன்டோன்மென்ட் மட்டும் திரும்பவில்லை. 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடென்டின் கீழேயே 1947 வரை நீடித்தது. இரண்டு நகராட்சிகளும் சட்ட வடிவம் பெற்றதும் அந்த 1881இல்தான். அடுத்த ஆண்டே உறுப்பினர்களில் பாதிப்பேரைத் தேர்ந்தெடுக்க அனுமதி கிடைத்தது. ஆயினும் வாக்குரிமை வரி கட்டுவோரில் சிலருக்கே. வட்டாராவில் வாடகைக்கு இருந்தவருக்கு மன்றத்தில் குரல் இல்லை. அவர் மன்றத்தின் பார்வைக்கு வந்தது நோயின் வழியாகத்தான்.

1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூருக்குள் வந்தது. ஹூப்ளியிலிருந்து ரயிலில் வந்த ஒரு ரயில்வே அதிகாரியின் பணியாளே முதல் நோயாளி என்று பதிவாகியிருக்கிறது. மக்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். அரசு முகாம்களை எழுப்பியது. பேட்டையின் நெரிசலைக் குறைக்க, ஏற்கெனவே 1892 முதல் திட்டமிடப்பட்டு வந்த மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்தன. அகன்ற நேர் தெருக்கள், தோட்டம் விட்ட மனைகள், வீடுகளின் பின்புறம் துப்புரவுத் தொழிலாளர் வந்து போவதற்கென்றே விடப்பட்ட 'கன்சர்வன்சி' சந்துகள். மனைகளைச் சாதிவாரியாகப் பகுதி பிரித்து ஒதுக்கினார்கள். மல்லேஸ்வரத்தில் நடந்து செல்வோர் இன்று அச்சந்துகளை வாகன நிறுத்தமாகவே காண்பர். ஆனால், யார் முன்வாசலில் நுழையலாம், யார் பின்சந்தில் வரவேண்டும் என்பதைத் தெருவின் வரைபடத்திலேயே எழுதிவைத்த ஆவணம் அது. மன்றத் தீர்மானங்கள் செல்லரித்துப்போகலாம். சந்து அப்படியே இருக்கிறது.

இங்கே ஒரு சிறு விலகல். 1894இல் பிளேக் நுண்ணுயிரி கண்டறியப்பட்டது. ஆனால் எலியிலிருந்து மனிதருக்கு நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று பால்-லூயி சீமோன் 1898இல் சொன்னபோது பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்தே அது உறுதிப்பட்டது. மல்லேஸ்வரம் திட்டமிடப்பட்ட காலத்தின் நம்பிக்கை, நோய் காற்றிலும் அழுக்கிலும் இருக்கிறது என்பது. ஆகவே தெருவை அகலமாக்கினார்கள். 1910இல் கன்டோன்மென்டின் நெரிசலைக் குறைக்கப் பிரேசர் டவுன் எழுந்தபோது எதிரி எலியாக மாறியிருந்தது. ஆகவே உயர்ந்த கல் அடித்தளம், எலி வளை தோண்ட முடியாத தரை, எலி ஒளியப் பொந்து இல்லாத கூரை. இதைப் பற்றி ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914இல் ஒரு நூலே எழுதினார்; அதன் தலைப்பே பிளேக் அணுகாத நகரமைப்பைப் பற்றியதுதான். இரண்டு புறநகர்களுக்கும் இடையே உள்ள பத்துப் பன்னிரண்டு ஆண்டு மருத்துவ அறிவின் வேறுபாட்டை வீட்டின் அடித்தளத்தில் அளந்து பார்க்கலாம்.

இம்மேம்பாட்டின் பயன் யாருக்குப் போயிற்று? மனை வாங்கிச் சட்டத்தில் சொன்னபடி கல் அடித்தளம் போடத் தக்கவருக்கு. பிளாக்பள்ளியின் (இன்றைய சிவாஜிநகரின்) மிக நெருக்கமான சந்துகளில் இருந்தவர்களில் எத்தனை பேர் பிரேசர் டவுனில் மனை வாங்கியிருக்கக்கூடும் என்று யோசித்தாலே விடை தெரியும். நெரிசலில் இருந்து நடுத்தர வர்க்கம் வெளியேறியது. நெரிசல் மற்றவர்களுக்கு எஞ்சியது.

இதற்கு விதிவிலக்காகக் கன்டோன்மென்டில் எனக்குத் தெரிந்து இரண்டு இடங்கள் உண்டு: மர்பி டவுனும் ஆஸ்டின் டவுனும். மர்பி டவுனின் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. அல்சூரை ஒட்டிய உழைப்பாளர் குடியிருப்பாக இருந்த அதைச் சீர்படுத்தி, சிறு வீடுகளாகக் கட்டியபோது பொறியாளர் மர்பியின் பெயர் வந்தது. ஆஸ்டின் டவுனும் எளியோருக்கான சிறு வீடுகளால் ஆனதே. தோட்டமில்லை, வண்டி நிறுத்தும் முகப்பில்லை. ஆனால் கல்லும் காரையும் கொண்ட வீடு, தெரு, வடிகால். இன்றும் இவ்விரு இடங்களிலும் தெருவில் நின்று கேட்டால் தமிழ்தான் காதில் விழும். ஒரு மொழியியல் மாணவனாக இதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. ஓர் உழைக்கும் சமூகத்தின் மொழி மூன்று நான்கு தலைமுறைக்கு ஒரு நகரில் நிற்க வேண்டுமென்றால், அந்தச் சமூகம் அத்தனை ஆண்டுகளும் ஒரே இடத்தில் குடியிருக்க முடிந்திருக்க வேண்டும். பள்ளி, இதழ், சங்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இவற்றைக் கட்டிய ஸ்டேஷன் நகராட்சியை மக்களாட்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ரெசிடென்டுக்கும் கலெக்டருக்கும் கட்டுப்பட்ட அமைப்பு அது. அது எளியோருக்கு வீடு கட்டியதும் கருணையால் மட்டும் அன்று. நகரத்தின் குப்பையை அள்ளுவோரும் பங்களாக்களில் வேலை செய்வோரும் அருகில் இருக்கவேண்டும், அதே வேளையில் நோயைக் கொண்டுவரவும் கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது. கணக்கு எதுவாயினும் வீடு நின்றது.

அக்காலத்தில் இதற்கு மாற்றாக வேறொரு சிந்தனையும் இருந்தது. 1914இல் இந்தியா வந்த பேட்ரிக் கெட்டிஸ், மறு ஆண்டே சென்னை மாகாண நகரங்களைப் பற்றி எழுதிய அறிக்கையில் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியை எடுத்துக்கொண்டார். நெரிசலைத் தீர்க்க நேர்கோட்டுத் தெருக்களை வெட்டி வீடுகளை மொத்தமாக இடிக்கும் முறையை அவர் எதிர்த்தார். ஆங்காங்கே பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, இருக்கும் சந்துகளைச் சற்றே திறந்துவிட்டால் போதும், செலவும் குறையும் என்றார். அறுவைச் சிகிச்சைதான், ஆனால் சிக்கனமான அறுவை. இந்திய நகராட்சிகள் கெட்டிஸைப் பாராட்டின, பின்பற்றியது நேர்கோட்டை.

பிளேக்கின் மற்றொரு வாரிசு 'இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்'. 1896 பிளேக்குக்குப் பின் 1898இல் பம்பாயில் தொடங்கி, கல்கத்தா, சிங்கப்பூர் (1927) என்று பரவிய இவ்வமைப்பு, 1945ஆம் ஆண்டின் சட்டத்தால் பெங்களூருக்கும் வந்தது. அதுவரை புறநகர்களை அமைத்த நகராட்சியின் கையிலிருந்து அந்த வேலை ஒரு தனி வாரியத்துக்குச் சென்றது. 1948இல் ராஜாஜி தொடங்கிவைத்த ஜெயநகர் புதிய காலத்தின் அடையாளம். 1949இல் இரண்டு நகராட்சிகளும் இணைந்து மாநகராட்சி ஆயின. அடுத்த ஆண்டு 50 தொகுதிகளிலிருந்து 70 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் நடந்தது. மேயர் என்ற பதவியும் அப்போதே வந்தது. வட்டாராவில் வாழ்ந்தவருக்கு வாக்கு வந்த அதே காலத்தில், நிலத்தைப் பற்றிய முடிவுகளில் பெரும்பகுதி மன்றத்தை விட்டு வெளியேறிவிட்டது. 1976இல் அவ்வாரியம் பெங்களூர் வளர்ச்சி ஆணையமாக மாறிய பின்னும் நிலை அதுவே.

சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டின் இடத்துக்கு 1960இல் வந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி மக்களுக்கு விற்றது. பெங்களூரின் வாரியமோ முதன்மையாக மனைகளைப் பிரித்து விற்றது. 'ஸைட்' என்ற சொல் பெங்களூரின் எல்லா மொழிகளிலும் பெற்றிருக்கும் மதிப்பை வேறெந்த ஊரிலும் நான் கண்டதில்லை. 'ஸைட் இருக்கிறதா?' என்ற கேள்வி இங்கே குலம் கேட்பதற்குச் சமம். மனை என்பது காத்திருக்கவும் கட்டவும் பணம் உள்ளவருக்கான உதவி. கட்டிய வீடு தேவைப்பட்டவர்களுக்கு எஞ்சியது குடிசை மாற்று வாரியமும், அவ்வப்போது மாநகராட்சி கட்டிய குவார்ட்டர்ஸும்.

அவற்றுள் பெரியது கோரமங்கலாவை ஒட்டிய ஈஜிபுராவில் இருந்தது. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலுமாக, ஹட்கோ கடனுதவியுடன், ஏறத்தாழ 22 ஏக்கரில் 42 தொகுதிகளாக 1,512 சிறு வீடுகளை மாநகராட்சி கட்டியது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான வீடுகள் என்பதால் ஆங்கிலச் சுருக்கமாக 'ஈ.டபிள்யூ.எஸ். குவார்ட்டர்ஸ்' என்று பெயர். அங்கே குடியிருந்தோரில் கணிசமானோர் தமிழ் பேசுவோர். தலித்துகள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள். கட்டுமானத்தின் தரம் மோசம். பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கின. குடியிருந்தவர்களுக்கு அங்கேயே தகரக் கொட்டகைகள் போடப்பட்டன. அதே 1990களில், நடந்து செல்லும் தூரத்தில், 1997 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக மற்றொரு அரசு அமைப்பு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு இன்றும் உறுதியாக நிற்கிறது. மண்ணைக் குறை சொல்ல வழியில்லை.

பழைய வீடுகளை இடித்துவிட்டு நிலத்தைத் தனியார் பங்கேற்புடன் மறுசீரமைப்பது என்பது திட்டம். நிலத்தில் ஏறத்தாழ பாதியில் தனியார் நிறுவனம் வணிகக் கட்டடம் எழுப்பிக்கொள்ளும். மறு பாதியில் பழைய ஒதுக்கீட்டாளர்களுக்கு அடுக்குமாடி வீடுகளைக் கட்டித்தரும். 2000களின் நடுப்பகுதியில் தொடங்கிய இப்பேச்சு, நீதிமன்ற வழக்குகளைக் கடந்து 2012இல் ஒப்பந்தமாயிற்று. 2013 ஜனவரி 18 முதல் 21 வரை காவல்துறைப் பாதுகாப்புடன் இயந்திரங்கள் வந்து கொட்டகைகளை இடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பலர் அந்த நிலத்தின் வேலியை ஒட்டிய நடைபாதையிலேயே மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், வாழ்ந்தனர். மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளையும் வீட்டுவசதி, நில உரிமைக்கான அமைப்பு ஒன்றும் அவ்வாண்டே இதை ஆவணப்படுத்தின. பத்தாண்டுகள் கடந்த பின்னும், வாக்களித்த வீடுகள் அந்த நிலத்தில் எழவில்லை.

இவ்விவகாரத்தைப் படிக்கையில் என்னை நிறுத்திய சொல் 'ஒதுக்கீட்டாளர்', ஆங்கிலத்தில் 'அலாட்டி'. திட்டத்தின்படி புது வீட்டுக்கு உரியவர் யார்? மாநகராட்சி முதன்முதலில் யார் பெயருக்கு வீட்டை ஒதுக்கியதோ அவர். ஆனால் இருபது ஆண்டுகளில் வீடுகள் கைமாறின. ஒதுக்கீடு பெற்றவரில் பலர் கடனுக்கும் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் விற்றோ வாடகைக்கு விட்டோ போயிருந்தனர். வாங்கியவர் கையில் இருந்தது முத்திரைத்தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வாக்காளர் அட்டை. அவர் வாக்காளர், வரி கட்டுபவர், மாமன்ற உறுப்பினர் தேர்தலில் வீடு தேடி வந்து கும்பிட்டுச் சென்ற 'குடியிருப்போர்'. ஒப்பந்தத்தில் மட்டும் அவர் இல்லை. 'குடியிருப்போர்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'ஒதுக்கீட்டாளர்' என்று எழுதியதால், இடிப்பு நடந்தபோது அவரைச் சட்டம் ஆக்கிரமிப்பாளராகப் பார்த்தது. 1898இல் வாடகைக்காரருக்கு மன்றத்தில் வாக்கு இல்லை. 2013இல் வாக்கு இருந்தது, பெயர்ப்பட்டியலில் இடமில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்வது எளிது. அது உண்மையும் அன்று. 2012 ஒப்பந்தத்தின்போது மன்றம் இருந்தது. ஆனால் அதற்கு முன், 2006 நவம்பர் முதல் 2010 ஏப்ரல் வரை, இத்திட்டம் உருப்பெற்ற ஆண்டுகளில், நகருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இருக்கவில்லை. ஏழு நகராட்சிகளையும் ஒரு பேரூரையும் 110 கிராமங்களையும் இணைத்து 2007இல் பெருநகர மாநகராட்சி உருவானதும் அந்த இடைவெளியில்தான். அதிகாரிகள் வரைந்து முடித்த திட்டத்தின் மேல் பின்னால் வந்த மன்றம் கையெழுத்திடும் நிலையில் இருந்தது. 'அலாட்டி' என்ற சொல்லை மாற்றுங்கள் என்று ஒரு வார்டு உறுப்பினர் எழுந்து சொல்லவேண்டிய கட்டம் அதற்கு முன்பே கடந்துபோயிருந்தது.

அரசியலமைப்பின் 243யு உறுப்பு, நகராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு. அது முடியும் முன் தேர்தல் நடக்கவேண்டும் என்கிறது. பெங்களூரின் கடைசி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தது. வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, புதிய சட்டம், வழக்கு எனத் தேர்தல் ஐந்தாண்டுகளுக்கு மேல் தள்ளிப்போயிற்று. இதற்கிடையே 2024ஆம் ஆண்டின் கிரேட்டர் பெங்களூர் சட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்து, நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. 1949இல் இரண்டை ஒன்றாக்கியவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ. இவ்வாண்டுகளில் நகரின் நிலம் சும்மா இருக்கவில்லை: ஏரிக்கரைகள், பழைய குவார்ட்டர்ஸ், சந்தைகள் என எதைப் பற்றிய கோப்பும் நகர்ந்தபடியே இருக்கிறது. கோப்பில் உள்ள பெயர்ச்சொற்களை யார் வாசிக்கிறார்கள் என்பதுதான் எனக்குள்ள கவலை.

மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் வீடுகளின் பழைய ஒதுக்கீட்டுச் சீட்டுகள், வாடகைப் புத்தகங்கள், ஸ்டேஷன் நகராட்சியின் வரி ரசீதுகள் குடும்பத்தில் யாரிடமேனும் இருந்தால் தயவுசெய்து உட்பெட்டியில் தெரிவியுங்கள். அசல் வேண்டாம், தெளிவான படம் போதும். குறிப்பாக, அச்சீட்டுகளில் குடியிருப்பவரை எந்தச் சொல்லால் குறித்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க விரும்புகிறேன்.